கரை கடந்த புயல் மதுரைக்கு எந்த வழியாக வருகிறது?

கேள்வி: புயல் என்றால் நாகப்பட்டினம், கடலூர், ராமேஸ்வரம் பாடு. கரையைக் கடந்ததும் அது வலுவிழந்துவிடுகிறது. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் எங்களுக்கு எதற்கு இத்தனை எச்சரிக்கையும் விடுமுறையும்?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: ‘வலுவிழந்தது’ என்று வானிலை மையம் சொல்வது காற்றைப் பற்றி, மழையைப் பற்றி அல்ல. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல். 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். தரையேறியதும் கடலின் ஈரம் கிடைக்காமல் சுழற்சி தளர்கிறது, பெயரும் இறங்குகிறது. ஏற்கெனவே சுமந்து வந்த ஈரம் அப்படியே மேற்கே நகர்ந்து சிறுமலையிலும் கொடைக்கானல் மலையிலும் வருசநாட்டிலும் முட்டி, மேலேறிக் குளிர்ந்து கொட்டுகிறது. உங்கள் ஊருக்குப் புயல் கிழக்கிலிருந்து காற்றாக வருவதைவிட மேற்கிலிருந்து தண்ணீராக வருவதே அதிகம்.

கஜாவை நினைத்துப் பாருங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அங்கேயே நின்றுவிடவில்லை. டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்துவிட்டு உள்மாவட்டங்களின் குறுக்கே வந்து, கொடைக்கானல் மலைச்சாலைகளை மரங்களாலும் மண்சரிவாலும் அடைத்துவிட்டு, கேரளத்தைத் தாண்டி அரபிக்கடலில் இறங்கியது.

வானிலைத் துறையின் புயல் அறிவிப்பு நான்கு கட்டமாக வரும். கடலோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்கு 72 மணி நேரம் முன்பு முதல் தகவல், 48 மணி நேரம் முன்பு உஷார், 24 மணி நேரம் முன்பு எச்சரிக்கை. நான்காவது, கரை கடப்பதற்குச் சுமார் 12 மணி நேரம் முன்பு வருவது. கரை கடந்த பின் புயல் எந்தத் திசையில் போகும், உள்மாவட்டங்களில் என்ன நடக்கும் என்பதைச் சொல்வதற்கென்றே அதை வெளியிடுகிறார்கள். நமக்கான அறிவிப்பு அதுதான். அந்த நேரத்தில்தான் ‘இனி பயமில்லை’ என்று பலர் தொலைக்காட்சியை அணைக்கிறார்கள். துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்பது கப்பல்களுக்கான செய்தி; வாடிப்பட்டிக்கு அதில் ஒன்றுமில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது மழைக்கான நிற எச்சரிக்கை. ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யக்கூடும் என்றால் சிவப்பு.

அடுத்தது வைகை. அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. மூன்றாவது வந்தால் உபரி நீர் திறக்கப்போகிறார்கள் என்று பொருள். ஆற்றுக்குள் ஆடு மாடோ வண்டியோ நிற்கக் கூடாது. ஆனால் அணை மட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும் தவறு. கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கும் மஞ்சளாறும் மருதாநதியும் அணைக்குக் கீழே வந்துதான் வைகையில் சேர்கின்றன. அணையின் மதகு மூடியிருந்தாலும் மலையில் பெய்த மழை சோழவந்தானையும் மதுரையையும் தொடும். மதுரையில் ஒரு துளி விழாமலே ஆற்றின் தரைப்பாலங்கள் முங்குவது இதனால்தான். முழங்கால் அளவு ஓட்டமே ஆளைச் சாய்த்துவிடும், தண்ணீருக்கடியில் பாலம் அரித்துப் போயிருப்பதும் தெரியாது. இருசக்கர வண்டியில் கடக்கவே கூடாது.

ஊருக்குள் என் பெரிய கவலை கண்மாய்கள். ஒன்று நிறைந்து மறுகால் போய் அடுத்ததை நிரப்பும் சங்கிலி இது. மேல் கண்மாய் உடைந்தால் மொத்தத் தண்ணீரும் ஒரே நேரத்தில் கீழ்க் கண்மாயில் விழும், அதுவும் உடையும். ஆகவே மழைக்கு முன்பே, உபரி நீர் வழியும் கலுங்கில் அடைத்திருக்கும் கருவேலமுள், ஆகாயத்தாமரை, குப்பையை எடுங்கள். கூடுதலாகத் தேக்கும் ஆசையில் கலுங்கின் மேல் மண் மூட்டை அடுக்குபவர்களை ஊரே தடுக்க வேண்டும். அந்த இரண்டு அடித் தண்ணீருக்காகக் கரையே போய்விடும்.

மழை நாளில் கரையின் வெளிப்பக்க அடிவாரத்தில் நடந்து பாருங்கள். கசிவு தெளிவாக இருந்தால் கண்காணித்தால் போதும். கலங்கலாக வந்தால் கரைக்குள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்று பொருள். நீர்வளத்துறைக்கோ, மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-க்கோ உடனே சொல்லுங்கள். அந்தக் கசிவு வாயில் துணியையும் மண்ணையும் திணிப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. தண்ணீர் வேறிடத்தில் பொத்துக்கொள்ளும். வாயைச் சுற்றி வட்டமாக மூட்டை அடுக்கி, உள்ளே தண்ணீரை உயரவிட்டால் எதிரழுத்தத்தில் ஓட்டம் குறையும், மண் வருவதும் நிற்கும். அடைப்பதானால் தண்ணீர் உள்ளே நுழையும் எலிவளையை, கண்மாய்ப் பக்கத்தில் தேடி அடைக்க வேண்டும். மூட்டையை மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும். விறைக்க நிரப்பினால் ஒன்றோடொன்று படியாது, இடுக்கில் நீர் பாயும்.

காற்றையும் ஒதுக்கிவிட வேண்டாம். வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. சோழவந்தான் பக்கத்து வாழைக்கு 50 கிலோமீட்டர் காற்றே போதும். எச்சரிக்கை வந்ததும் பாசனத்தை நிறுத்துங்கள். ஈரமண்ணில் வேரின் பிடி தளரும். முக்கால் பங்கு முற்றிய குலையை வெட்டிவிடுங்கள். மற்றவற்றுக்குக் குலை சாயும் பக்கம் இரண்டு சவுக்குக் கம்புகளைக் கத்தரிக்கோல்போலக் கட்டி முட்டுக் கொடுத்து, அடி இலைகளைக் கழியுங்கள். தென்னையில் முற்றிய காயையும் காய்ந்த மட்டையையும் இறக்கிவிட வேண்டும்.

வீட்டில், மாடித் தண்ணீர்த் தொட்டியைக் காலியாக விடாதீர்கள். ஆயிரம் லிட்டர் நிரம்பினால் ஒரு டன் எடை, அசையாது. காலித் தொட்டி பக்கத்து வீட்டின் மேல் விழும். கரண்ட் போனபின் குடிதண்ணீருக்கும் அதுதான். மாடி வடிகுழாயின் வாயில் கிடக்கும் இலையை எடுங்கள். தகரக் கூரையில் ஓரத்து ஆணிகளைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். காற்று விளிம்பில் கை கொடுத்துத்தான் தூக்கும். தெருவில் மின்கம்பி அறுந்து கிடந்தால், ஊரே இருட்டாக இருந்தாலும் அதில் மின்சாரம் இருப்பதாகவே எண்ணித் தள்ளி நின்று, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.