நான் அமெரிக்காவில் இருக்கிறேன். கடன் திருநாள், அதாவது கத்தோலிக்கர் பூசைக்கு (திருப்பலிக்கு) போயே ஆக வேண்டிய விழா, ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் திங்களும் பூசைக்குப் போக வேண்டுமா?

வேண்டாம், ஞாயிறு பூசை போதும். அமெரிக்காவில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். 2024 டிசம்பரில் அங்கே கிளம்பிய குழப்பம்தான் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த ஞாயிறு எந்தக் காலத்தில் வருகிறது என்று பாருங்கள். பொதுவிதிப்படி திருவருகைக்காலம் (கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்கள்), தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தின நோன்புக்காலம்), பாஸ்கா காலம் (ஈஸ்டர் வாரங்கள்) ஆகியவற்றின் ஞாயிறுகள் எந்தப் பெருவிழாவுக்கும் இடம் விடாது. பெருவிழாதான் திங்களுக்கு நகரும். இந்தச் சிறப்புக் காலங்களில் சேராத பொதுக்கால ஞாயிறு இடம் விட்டுவிடும். 2026 நவம்பர் 1 ஞாயிறு. அன்று புனிதர் அனைவர் பெருவிழாப் பூசைதான் ஞாயிற்றுப் பூசை. நாளும் ஒன்று, கடமையும் ஒன்று.

சிக்கலெல்லாம் டிசம்பர் 8இல்தான். அது அமலோற்பவ அன்னை மரியாவின் விழா. அவர் அமெரிக்காவின் பாதுகாவலி என்பதால் அங்கே அது முக்கியமான கடன் திருநாள். 2024இல் அந்தத் தேதி திருவருகைக்கால 2ஆம் ஞாயிறாக அமைந்தது. பெருவிழா 9ஆம் தேதிக்குப் போனது. கடமையும் கூடவே போகும் என்று வத்திக்கானின் சட்டத்துறை செப்டம்பரில் பதில் தந்தது. பல ஆயர்கள் (பிஷப்புகள்) தங்கள் மறைமாவட்டத்துக்கு அந்தக் கடமையிலிருந்து விலக்கு அளித்தார்கள். 2025 ஜனவரியில் வத்திக்கானின் திருவழிபாட்டுத் துறை தெளிவுபடுத்தியது: இப்படித் தற்செயலாக விழா நகர்ந்தால் கடமை நகராது. செப்டம்பர்ப் பதிலை மட்டும் பகிர்பவர்கள் இந்த ஜனவரிக் குறிப்பையும் சேர்த்துப் பகிர வேண்டும். டிசம்பர் 8 அடுத்து ஞாயிறாக வருவது 2030இல்.

ஞாயிற்றை ஒட்டிச் சனியிலோ திங்களிலோ வரும் விழாவுக்குக் கணக்கு வேறு. அமெரிக்க ஆயர்கள் 1991இல் எடுத்த முடிவின்படி ஜனவரி 1, ஆகஸ்ட் 15, நவம்பர் 1 ஆகிய கடன் திருநாள்கள் சனி அல்லது திங்களில் வந்தால் பூசைக் கடமை இல்லை. 2026 ஆகஸ்ட் 15 சனி. ஆகவே அன்று கடமை இல்லை. டிசம்பர் 8க்கும் கிறிஸ்துமஸுக்கும் இந்தச் சலுகை கிடையாது. 2025இல் டிசம்பர் 8 திங்களில் வந்தது: ஞாயிற்றுக்கு ஒன்று, விழாவுக்கு ஒன்று என இரண்டு பூசை. ஹவாயில் மட்டும் ஞாயிறு தவிர கிறிஸ்துமஸும் டிசம்பர் 8உம்தான் கடன் திருநாள்கள்.

அப்படி இரண்டு கடமை அடுத்தடுத்து வரும்போதுதான் பலர் தவறுகிறார்கள். ஞாயிறு மாலைப் பூசை ஒன்றே இரண்டுக்கும் ஆகாது. அதை ஞாயிற்றுக்கு வைத்துக்கொள்ளலாம், அல்லது திங்கள் விழாவுக்கு வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு காலை ஒன்று, அன்று மாலை ஒன்று என இரண்டு பூசை கண்டால் இரண்டு கடமையும் முடிந்தது. இரண்டாவது பூசையிலும் நற்கருணை வாங்கலாம். வாசகம் எந்த நாளுக்குரியது என்று பார்க்க வேண்டியதில்லை. திருச்சபைச் சட்டம் 1248 கேட்பது, அன்றோ முந்தின நாள் மாலையோ எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறையிலாவது ஒரு திருப்பலி. சனி மாலைத் திருமணப் பூசைகூட ஞாயிற்றுக் கடமைக்குச் சேரும்.

‘எத்தனை பூசை என்று கணக்குப் பார்ப்பது பக்தியா?’ என்று சிலர் கேட்பார்கள். போகாவிட்டால் சாவான பாவமோ (மிகக் கனமான பாவமோ) என்று பயந்து கேட்பவருக்குச் சரியான விடை சொல்வதும் பக்திதான். என் மனக்குறை வேறு இடத்தில். வார நாளில் கடன் திருநாள் வந்தால் காலை 9 மணிக்கு ஒரே ஒரு பூசை வைக்கும் பங்குகள் (ஊர்க் கோவில்கள்) இருக்கின்றன. மருத்துவமனையில் பகல் ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸ் எப்படி வருவார்? மாலை 7 மணிக்கு இன்னொன்று வைக்கட்டும். வைக்காத ஊரில் இருந்தால் பக்கத்துப் பங்கின் நேரத்தைத் தொலைபேசியில் கேளுங்கள். இணையத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் சாதாரண வார நாள் நேரம். வேலையை உண்மையிலேயே விட முடியாதபோது பாவம் இல்லை. முன்கூட்டியே தெரிந்தால் பங்குத்தந்தையிடம் விலக்குக் கேளுங்கள்; சட்டம் 1245 அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது.