டிவிஷன் 1-க்கு ஏறலாமா? பென்சில்வேனியாத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை ராத்திரி ஒரு முறை, காலையில் ஒரு முறை படித்தேன். நீங்கள் பென்சில்வேனியாவில் ஒரு சின்னக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்க வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மொத்தமே ஆயிரத்து எண்ணூறு மாணவர்கள். கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் விளையாட்டுகளில் இப்போது டிவிஷன் 2-ல் விளையாடுகிறார்கள். டிவிஷன் 1-க்குப் போகப் போகிறோம் என்று கல்லூரித் தலைவர் அறிவித்துவிட்டார். அடுத்த மாதம் ஆசிரியர் கூட்டத்தில் கருத்துக் கேட்பார்கள். "மேலே போவது நல்லதுதானே அக்கா, ஏன் பாதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்? புதிதாக வந்தவன் நான், வாயைத் திறக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகத் திறக்கலாம். எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நான் மினசோட்டாவுக்கு வந்து 22 வருடம் ஆகிறது. அதில் 16 வருடம் இரண்டு தனியார் கல்லூரிகளின் கட்டண அலுவலகத்தில் வேலை. என் மகன் ஒரு டிவிஷன் 3 கல்லூரிக்காக நான்கு வருடம் ஓடினான். அந்த இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்: உங்கள் அளவில் இருக்கும் கல்லூரி ஏறக்கூடாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒன்று, இரண்டு, மூன்று என்றதும் நம் காதில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று விழுகிறது. எனக்கும் வந்த புதிதில் அப்படித்தான் விழுந்தது. இது படிப்பின் தரவரிசை கிடையாது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு 1973-ல் கல்லூரிகளை மூன்றாகப் பிரித்தது, விளையாட்டுக்கு யார் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதை ஒட்டித்தான். டிவிஷன் 3-ல் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கொடுக்கக்கூடாது. டிவிஷன் 2-ல் பெரும்பாலும் பாதி, கால் என்று பங்கு போட்டுக் கொடுப்பார்கள். டிவிஷன் 1-ல்தான் முழு உதவித்தொகையும், டிவியில் வரும் ஆட்டங்களும். எம்ஐடி டிவிஷன் 3. சிகாகோ பல்கலைக்கழகமும் டிவிஷன் 3. அந்தச் சிகாகோ ஒரு காலத்தில் அமெரிக்க ஃபுட்பாலில் பெரிய கல்லூரி. நாட்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது 1935-ல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது வாங்கியவர் அந்த அணிக்காரர். நான்கே வருடத்தில், 1939-ல், அணியையே கலைத்துவிட்டார்கள். அதனால் அந்தப் பல்கலையின் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை.

சரி, ஏறுவதற்கு என்ன செலவு? நுழைவுக் கட்டணமே பத்து லட்சம் டாலரைத் தாண்டும். அது ஒரு தடவைதான், அதைக்கூடச் சமாளித்துவிடலாம். வருடா வருடம் வரும் செலவுதான் ஆளை அமுக்கும். டிவிஷன் 2-ல் பத்து விளையாட்டு இருந்தால் போதும், டிவிஷன் 1-ல் குறைந்தது 14 வேண்டும். பயிற்சியாளர்கள் அதிகம் வேண்டும், அவர்களுக்குச் சம்பளமும் அதிகம். பக்கத்து ஊருக்கு பஸ்ஸில் போய் ராத்திரியே திரும்பிய அணி இனி விமானத்தில் போய் ஹோட்டலில் தங்கும்.

இந்தப் பணம் டிக்கெட் விற்று வரும் என்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நினைக்கலாம். டிவிஷன் 1-ல் இருக்கும் முந்நூற்றுச் சொச்சம் கல்லூரிகளில், விளையாட்டு தன் செலவைத் தானே சம்பாதித்துக்கொள்ளும் இடங்கள் மிகச் சில. மற்ற இடங்களில் கல்லூரியின் பொதுப் பணத்திலிருந்தும் மாணவர் கட்டணத்திலிருந்தும்தான் போகிறது. சின்ன டிவிஷன் 1 கல்லூரிகள் நவம்பர், டிசம்பரில் பெரிய பல்கலைக்கழகங்களின் ஊருக்குப் போய் கூடைப்பந்து ஆடித் தோற்றுவிட்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். வந்து ஆடியதற்கு ஒரு காசோலை கொடுப்பார்கள். அதை நம்பித்தான் பட்ஜெட் போடுகிறார்கள். பையன்கள் முதுகில் ஏற்றிவைக்கும் சுமை அது, எனக்கு மனசு ஒப்பவில்லை.

நான் முன்பு வேலை பார்த்த கல்லூரியும் ஒரு படி ஏறியது. பெயர் வேண்டாம். ஏறிய வருடம் எல்லா மாணவர்களுடைய பில்லிலும் அத்லெடிக்ஸ் ஃபீ என்று புதிதாக ஒரு வரி முளைத்தது, செமஸ்டருக்கு 240 டாலர். ஆகஸ்ட் மாதம் ஒரு அம்மா கவுன்டருக்கு வந்தார். முதியோர் இல்லத்தில் வேலை, சீருடையோடு அப்படியே வந்திருந்தார். பில்லை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார். பிரித்து, அந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்து, "என் மகள் எந்த அணியிலும் இல்லையே, இது எதுக்கு?" என்று கேட்டார். "எல்லா மாணவர்களுக்கும் பொதுவான கட்டணம்" என்று சொல்லச் சொல்லி எங்களுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்துச் சொன்னேன். அவர் சண்டை போடவில்லை. அந்த 240-ஐயும் சேர்த்து மாதத் தவணையாகப் பிரித்துத் தரமுடியுமா என்று மட்டும் கேட்டார். பிரித்துக் கொடுத்தேன். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, பணம் போதவில்லை என்று டென்னிஸ் அணிகளை எடுத்துவிட்டார்கள். கட்டணத்தை எடுக்கவில்லை.

இன்னொரு விஷயம் காத்திருப்பு. டிவிஷன் 2-லிருந்து ஏறினால் நான்கு வருடம் தேசியப் போட்டிக்குள் நுழைய முடியாது என்பது நெடுநாள் விதி. 2025 ஜனவரியில்தான், சில நிபந்தனைகளோடு, மூன்றாகக் குறைத்தார்கள். இது எவ்வளவு கொடுமை என்பதற்கு மாசசூசெட்ஸில் இருக்கும் மெரிமாக் கல்லூரிதான் சாட்சி. 2019-ல் ஏறினார்கள். 2023 மார்ச்சில் ஆண்கள் கூடைப்பந்தில், தங்கள் கான்ஃபரன்ஸின் (தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டணி) இறுதி ஆட்டத்தில் ஃபேர்லி டிக்கின்சன் பல்கலையை 67-66 என்று ஒரே புள்ளியில் ஜெயித்தார்கள். ஜெயித்தவர்களுக்குத் தேசியப் போட்டியில் இடம் இல்லை, காத்திருப்புக் காலம் முடியவில்லை. தோற்ற ஃபேர்லி டிக்கின்சன் போனது. போய், போட்டித் தரவரிசையில் கடைசியான பதினாறாம் நிலையில் இருந்துகொண்டு, முதல் நிலை அணியான பர்டூ பல்கலையை 63-58 என்று வீழ்த்தி நாட்டையே வாய்பிளக்க வைத்தது. ஆண்கள் போட்டியில் பதினாறாம் நிலை அணி முதல் நிலை அணியை வீழ்த்தியது அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான், 2018-ல். அந்த ராத்திரி மெரிமாக் பையன்கள் தங்கள் அறையில் டிவியில் அதைப் பார்த்திருப்பார்கள். நான்காம் வருட மாணவனுக்கு "அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒன்று கிடையாது.

உங்கள் மாநிலத்திலேயே இரண்டு கல்லூரிகளைப் பாருங்கள். ஈரி நகரத்தில் இருக்கும் மெர்சிஹர்ஸ்ட் 2024-ல் டிவிஷன் 1-க்கு ஏறியது. லொரெட்டோவில் இருக்கும் செயின்ட் பிரான்சிஸ், பல வருடமாக டிவிஷன் 1-ல் இருந்தது, 2025 மார்ச்சில் டிவிஷன் 3-க்கு இறங்கப் போகிறோம் என்று அறிவித்தது. அறிவிப்பு வந்த நேரம் முக்கியம்: அவர்களுடைய ஆண்கள் கூடைப்பந்து அணி தேசியப் போட்டியில் ஆடி, 70-68 என்று தோற்றுத் திரும்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கனெக்டிகட்டில் ஹார்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் இப்படித்தான். 2021 மார்ச்சில் அவர்களுடைய ஆண்கள் கூடைப்பந்து அணி வரலாற்றிலேயே முதல் முறையாகத் தேசியப் போட்டிக்குப் போனது, மே மாதம் நிர்வாகக் குழு டிவிஷன் 3-க்கு இறங்க முடிவெடுத்தது. தோற்றுப்போய் இறங்கவில்லை தம்பி, இரண்டு கல்லூரியும். ஜெயித்து, கனவு பலித்து, அதற்குப் பிறகும் கட்டுப்படியாகவில்லை.

இப்போது ஏறுவது முன்பைவிடக் கஷ்டம். 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட, கல்லூரி விளையாட்டு வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தின்படி, டிவிஷன் 1 கல்லூரிகள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். ஒரு கல்லூரிக்கு முதல் வருட உச்சவரம்பு ஏறக்குறைய இரண்டு கோடியே ஐந்து லட்சம் டாலர். உங்கள் கல்லூரி ஒரு டாலர்கூடக் கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் நீங்கள் பார்த்துப் பார்த்து வளர்த்த நல்ல ஆட்டக்காரன் இரண்டாம் வருட முடிவில் கொடுக்கிற இடத்துக்குப் போய்விடுவான். அவன் போவது தப்பில்லை, அவன் உழைப்பு. வருடா வருடம் அணியைப் புதிதாகக் கட்டவேண்டிய செலவு மட்டும் சின்னக் கல்லூரியின் தலையில் விழும்.

ஏறி நன்றாக இருப்பவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். என் வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் செயின்ட் பால் நகரத்தில் செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகம். 1920-ல் தாங்களே சேர்ந்து ஆரம்பித்த மினசோட்டா கான்ஃபரன்ஸிலிருந்து, நீங்கள் எங்களுக்கு மிகப் பெரிசு என்று மற்ற கல்லூரிகள் 2019-ல் அவர்களை வெளியே அனுப்பின. 2017-ல் செயின்ட் ஓலாஃப் கல்லூரியை ஃபுட்பாலில் 97-0 என்று அடித்த அணி அது, மற்றவர்களின் மனநிலை புரிகிறது. 2021-ல் டிவிஷன் 3-லிருந்து நேரே டிவிஷன் 1-க்குத் தாவினார்கள். இன்று நன்றாகத்தான் ஆடுகிறார்கள், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவர்களிடம் இருப்பதைக் கவனியுங்கள்: ஆறாயிரம் இளநிலை மாணவர்கள், பெரிய நகரம், அரங்கம் கட்ட ஏழரைக் கோடி டாலரைத் தூக்கிக் கொடுக்க ஒரு தம்பதி. உங்கள் ஊரில் இதில் எது இருக்கிறது?

விண்ணப்பம் கூடும், ஊர் பேர் வெளியே தெரியும் என்பார்கள். ஒரு பெரிய வெற்றிக்குப் பிறகு விண்ணப்பம் கூடுவது உண்மைதான். அந்த வெற்றி யாருக்கு, எந்த வருடம் வாய்க்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதை நம்பி இருபது வருடத்துக்குக் கடன் வாங்கக்கூடாது என்பது என் எண்ணம்.  

எனக்கு உண்மையில் வலிக்கும் இடம் வேறு. என் மகனின் பந்தயங்கள் அக்டோபர் சனிக்கிழமைகளில், ஏதாவது ஒரு கோல்ஃப் மைதானத்தில் நடக்கும். எட்டு கிலோமீட்டர். முந்நூறு பேர் ஒன்றாகப் புறப்படுவார்கள், தரை அதிரும். மார்பில் நாலு ஊக்கு குத்திய எண்ணோடு, கெண்டைக்கால் வரை சேறோடு, அவன் நூற்றுப் பதினெட்டாவது ஆளாக வந்து சேர்வான். பயிற்சியாளர் கயிற்றோரம் நின்று ஒவ்வொரு பையனின் நேரத்தையும் பேனாவால் எழுதுவார். முதலில் வந்தவனுக்கும் கடைசியில் வந்தவனுக்கும் ஒரே மாதிரி தோளில் ஒரு தட்டு. நான் ஐஸ்கிரீம் டப்பாவில் கொண்டுபோன புளியோதரையை மொத்த அணியும் காலி செய்யும். திரும்பும் பஸ்ஸில் பையன்கள் மடியில் கரிம வேதியியல் நோட்டு. அவன் பள்ளியில் நட்சத்திரம் கிடையாது, அவனைத் தேடி யாரும் வரவில்லை. ஓடலாம் என்றார்கள், அதனால் அந்தக் கல்லூரியில் சேர்ந்தான். முழுக் கட்டணம் இல்லாவிட்டாலும் பெரும்பகுதியை நாங்கள் கட்டினோம். சின்னக் கல்லூரிகளின் விடுதி நிறைவது இப்படிப்பட்ட பிள்ளைகளால்தான், கட்டண அலுவலகத்தில் உட்கார்ந்து இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். டிவிஷன் 1-க்கு ஏறிய அணியில் நூற்றுப் பதினெட்டாவதாக வரும் பையனுக்கு இடம் இருக்காது. அந்த இடத்துக்கு உதவித்தொகை கொடுத்து வேறொருவனைக் கூட்டிவருவார்கள். ஓடும் பிள்ளையும் போச்சு, அவன் கட்டும் பணமும் போச்சு.

உங்கள் வகுப்பில் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நாளைக்கே எண்ணிப் பாருங்கள். முன்வரிசையில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருக்கும் நீச்சல்காரப் பெண் நிச்சயம் ஒருத்தி இருப்பாள்.

இனி, கூட்டத்தில் பேசுவது. உங்களுக்கு இன்னும் டெனியூர் என்ற நிரந்தரப் பணி உறுதி வரவில்லை, விசாவும் கல்லூரி கையில். அதனால் எழுந்து நின்று எதிர்க்க வேண்டாம். முதலில் உங்கள் துறைத் தலைவரிடம் தனியாகப் பேசுங்கள், அவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கூட்டத்தில் கேள்வியாகக் கேளுங்கள். நம்மூரில் மேலிடத்தைக் கேள்வி கேட்டால் திமிர் என்பார்கள், இங்கே ஆசிரியர் கூட்டத்தில் கணக்குக் கேட்பது உங்கள் வேலையின் ஒரு பகுதி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் கேட்பேன்: முதல் ஐந்து வருடத்தில் விளையாட்டுக்குக் கல்லூரியின் பொதுப் பணத்திலிருந்து எவ்வளவு போகும், மாணவர் பில்லில் எவ்வளவு ஏறும்? எந்த அணியும் கலைக்கப்படாது என்று எழுதிக் கொடுப்பார்களா? பெண்கள் அணிகளுக்கு, கல்லூரிகளில் ஆண் பெண் பாகுபாட்டைத் தடுக்கும் 1972 சட்டப்படி (டைட்டில் 9) சேரவேண்டிய பங்கு இந்தத் திட்டத்தில் எங்கே இருக்கிறது? அழைத்திருக்கும் கான்ஃபரன்ஸில் மற்ற கல்லூரிகள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன, உங்கள் ஆய்வகத்துக்கு வரவேண்டிய மாணவி எத்தனை வியாழக்கிழமை வராமல் போவாள்? அந்தக் கடைசிக் கேள்வியை வேதியியல் வாத்தியார் கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கல்லூரித் தலைவர் ஒரு ஆலோசனை நிறுவனத்திடம் அறிக்கை வாங்கியிருப்பார், பெரும்பாலும் வாங்குவார்கள். அதன் சுருக்கத்தை மட்டும் கூட்டத்தில் திரையில் காட்டுவார்கள். முழு அறிக்கையையும் கூட்டத்துக்கு முன்னால் கேட்டு வாங்குங்கள். பின்னிணைப்பில் வருமானக் கணிப்பு அட்டவணை இருக்கும், அதில் மாணவர் கட்டணம் என்ற வரியைத் தேடுங்கள். வெளியில் காட்டலாம் என்ற அனுமதி இருந்தால் எனக்கு அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரி வரியாகச் சேர்ந்து பார்ப்போம்.