வாசகர் கேள்வி: ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்று அழுத்தலாமா?

கேள்வி: கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பழைய வீட்டின் வளவில் தளம் பெயர்ந்துவிட்டதால், ஆத்தங்குடிக் கல்லின் விலையைக் கைப்பேசியில் தேடினேன். அதே வாரம் அப்பத்தாவின் மறதி நோயைப் பற்றியும் படித்தேன். அதன்பின் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் தரைக்கல் விளம்பரமும் முதியோர் இல்ல விளம்பரமும் மாறி மாறி வருகின்றன. மகளைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் கோயில் திருப்பணிச் செய்தி ஒன்றைக் காட்டக் கைப்பேசியை நீட்டியபோது, முதியோர் இல்ல விளம்பரம்தான் முதலில் தெரிந்தது. குக்கீகளை ஏற்கிறீர்களா என்று கேட்கும் இடங்களில் எப்போதும் ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்றே அழுத்தி வந்தேன். அது தவறா? இப்போது அழித்துவிட்டால் போதுமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. வீட்டுப் பெரியவரின் நோயை நீங்களாகச் சொல்லும்வரை வெளியார் அறிய வேண்டியதில்லை. தரைக்கல் விளம்பரத்தையும் இதையும் ஒரே தட்டில் வைக்க என்னால் இயலாது.

குக்கீ என்பது நீங்கள் பார்க்கும் இணையதளம் உங்கள் உலாவியில் எழுதி வைக்கும் சிறு குறிப்பு. வாங்க வந்தவர் கூடையில் எதைப் போட்டார் என்பதை இணையக் கடை நினைவில் வைத்துக்கொள்ள அன்று வழியில்லாததால், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மான்டுல்லி 1994-இல் இதை உருவாக்கினார். கோயில் வாசலில் செருப்பை விடும்போது தரும் டோக்கனைப் போன்றது அது. அதில் உங்கள் ஊரும் பேரும் இல்லை, ஆனால் திரும்பி வந்து நீட்டினால் உங்கள் செருப்பு எதுவென்று கொடுத்தவருக்குத் தெரியும். வங்கித் தளத்தில் நுழைந்தபின் பக்கத்துக்குப் பக்கம் கடவுச்சொல் கேட்காமலிருப்பதும் இதனால்தான். ஆகவே எல்லாக் குக்கீயும் தீங்கன்று.

தீங்கு மூன்றாம் தரப்புக் குக்கீயில், அதாவது நீங்கள் பார்க்கும் தளமல்லாத வேறொரு நிறுவனம் எழுதி வைக்கும் குக்கீயில் இருக்கிறது. செக்காலை ரோட்டில் நீங்கள் ஏறி இறங்கும் ஒவ்வொரு கடையிலும் ஒரே நிறுவனத்தின் ஆள் நின்று, உங்கள் கையிலுள்ள அதே டோக்கனைப் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தால், உங்கள் பெயர் தெரியாமலே உங்கள் வீட்டுத் தேவைகள் மாலைக்குள் அவர்களுக்குத் தெரிந்துவிடும். தரைக்கல் தளத்திலும் மருத்துவத் தளத்திலும் அப்படி ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் இருந்திருக்கக்கூடும். இத்தகைய குக்கீகளை 2020 முதல் சஃபாரி உலாவி தானாகவே தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனியே அடைத்து வைக்கிறது. குரோமில் அவற்றை ஒழிப்பதாக 2020-இல் அறிவித்த கூகுள், 2024-இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. எனவே குரோம் வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் ‘தள அமைப்புகள்’ பகுதிக்குச் சென்று, மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தாங்களே தடுக்க வேண்டும்.

அழித்தால் போதுமா என்றால், போதாது. அழித்த மறுநாளே ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்று அழுத்தினால் புதிய குறிப்பு வந்து அமர்ந்துவிடும். ‘நிராகரி’ அல்லது ‘தேவையானவை மட்டும்’ என்பதைத் தேடி அழுத்துங்கள். அதைச் சிறிய எழுத்தில் ஒளித்து வைக்கும் தளங்கள் செய்வது முறையற்ற செயல் என்பதே என் கருத்து. செயலிகளோ குக்கீயை நம்பியிருப்பதில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கென ஒரு விளம்பர அடையாள எண் உண்டு, அதை அமைப்புகளில் ‘விளம்பரங்கள்’ என்னும் பகுதியில் நீக்கிவிடலாம்.

சட்டமும் உங்கள் பக்கம் வருகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும்.

அதுவரை அப்பத்தாவின் நோயைப் பற்றிப் படிக்கும்போது உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ), எந்தக் கணக்கிலும் உள்நுழையாமல் படித்துவிட்டு மூடிவிடுங்கள். நீங்கள் சென்ற தளமும் இணையச் சேவை தரும் நிறுவனமும் அந்த வருகையை அப்போதும் அறியும். ஆனால் அந்தக் குக்கீகள் சாளரத்தோடு அழிந்துவிடுவதால், வீட்டுக்கு வந்தவர் கையில் கைப்பேசியைக் கொடுக்கும்போது அவற்றைக் கொண்டு விளம்பரம் தொடர்ந்து வர வழியிருக்காது.