பழைய பாகங்களில் ஒரு விளையாட்டு சர்வர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் அலுவலகம் இடம் மாறியபோது கழித்துவிட்ட கணினிகளிலிருந்து ஐ5-6500 பிராசஸர், அதற்குரிய மினி ஐ.டி.எக்ஸ் மதர்போர்டு, 16 ஜி.பி. ராம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி ஆகியவை எனக்குக் கிடைத்தன. தம்பியிடம் பழைய 120 மி.மீ. வாட்டர் கூலர் ஒன்றும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றும் சும்மா கிடக்கின்றன. இவற்றைக் கொண்டு அக்கா பிள்ளைகளும் அவர்களுடைய நண்பர்களுமாகப் பத்துப் பேர் மைன்கிராஃப்ட் ஆடும்படி ஒரு சர்வர் செய்ய நினைக்கிறேன். பழைய ஏ.சி. ஸ்டெபிலைசரின் இரும்புப் பெட்டியைக் கேபினெட்டாகப் பயன்படுத்தலாமா? சென்னை வெயிலுக்கு வாட்டர் கூலிங் கைகொடுக்குமா?
— வாசகர், வில்லிவாக்கம்

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் அந்த கிராபிக்ஸ் கார்டைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திரையில் படத்தை வரைவது ஆடுபவரின் கணினியே தவிர சர்வர் அல்ல. சர்வரின் வேலை, அந்த உலகத்தில் யார் எங்கே நிற்கிறார்கள், எந்தக் கல் எங்கே நகர்ந்தது என்று நொடிக்கு 20 முறை கணக்குப் பார்ப்பதுதான். ஒவ்வொரு கணக்கும் 50 மில்லி நொடிக்குள் முடிந்தாக வேண்டும். இதில் பெரும்பகுதி ஒரே கோர் (பிராசஸருக்குள் கணக்குப் பார்க்கும் பிரிவு) மீது விழுவதால், கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகமே முக்கியம். உங்கள் பிராசஸர் 3.6 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லக்கூடியது. பத்துப் பிள்ளைகளுக்கு அது போதும். விளையாட்டுக்கு 6 ஜி.பி. ராம் ஒதுக்குங்கள். பார்வைத் தூரம், அதாவது ஆடுபவரைச் சுற்றி எத்தனை துண்டு உலகத்தைச் சர்வர் அனுப்ப வேண்டும் என்பது, வழக்கமாக 10 என்று இருக்கும். அதை 8 ஆகக் குறைத்தால் சுமை நன்றாகவே இறங்கும்.

வாட்டர் கூலிங் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. தண்ணீர் எதையும் குளிர்விப்பதில்லை. பிராசஸரின் மேல் பிறக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் இறக்கிவைக்கிறது, அவ்வளவுதான். அங்கிருந்து அதை வெளியேற்றுவது காற்றாடி தள்ளும் அறைக் காற்று. எனவே மே மாதத்தில் உங்கள் அறை 35 டிகிரியில் இருந்தால், தண்ணீர் 35 டிகிரிக்குக் கீழே ஒருபோதும் இறங்காது. அப்படியானால் தண்ணீர் எதற்கு என்று கேட்பீர்கள். சின்னப் பெட்டிக்குள் உயரமான ஏர் கூலருக்கு இடமிருக்காது. இருந்தாலும் அது தான் கக்கிய சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். தண்ணீரோ சூட்டைப் பெட்டியின் சுவருக்கே கொண்டுவந்துவிடுகிறது. உங்கள் பிராசஸர் முழுச் சுமையில் 65 வாட் அளவில் நிற்பது. அதற்கு 120 மி.மீ. ரேடியேட்டர் ஒன்றே தாராளம். இதுவே பெரிய கேபினெட்டாக இருந்திருந்தால், சாதாரண ஏர் கூலரே போதும் என்றுதான் எழுதியிருப்பேன்.

ஸ்டெபிலைசர் பெட்டி நல்ல யோசனை; கனத்த தகடு, பக்கவாட்டில் காற்றுத் துளைகள். டிரான்ஸ்பார்மரை எடுத்த பிறகு உள்ளளவு 30 x 25 x 20 செ.மீ. கிடைத்தால், 17 செ.மீ. சதுர மதர்போர்டும் கணினிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ்ஸில் சிறிய எஸ்.எஃப்.எக்ஸ் வகையும் ரேடியேட்டரும் அடங்கிவிடும். இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது எர்த். இரும்புப் பெட்டிக்கு எர்த் கிடைப்பது எஸ்.எம்.பி.எஸ்ஸின் ஸ்க்ரூ வழியாகத்தான். பெட்டியின் பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பளபளக்கும் தகடு தெரியும்படி செய்த பிறகே எஸ்.எம்.பி.எஸ்ஸை முடுக்குங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிட்டுப் பயன்படுத்தும் பழக்கம் இருந்தால், தயவுசெய்து அதை இந்தப் பெட்டிக்குச் செய்யாதீர்கள்.

இரண்டாவது, காற்றின் திசை. பிராசஸர் மேலிருந்த காற்றாடி போய்விட்டால், அதைச் சுற்றியிருந்த சின்னச் சின்ன பாகங்களுக்குக் கிடைத்துவந்த காற்றும் போய்விடுகிறது. பலர் இதை மறந்துவிட்டுத் தண்ணீர்ச் சூட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரேடியேட்டர் காற்றாடி காற்றை வெளியே தள்ளும்படி ஒரு சுவரில் மாட்டி, எதிர்ச் சுவரின் துளைகளைத் திறந்துவிடுங்கள்; உள்ளே வரும் காற்று போர்டைத் தடவிக்கொண்டு போகும். ரேடியேட்டரின் மேல் விளிம்பு பம்ப்பைவிட உயரத்தில் இருக்கட்டும். உள்ளிருக்கும் காற்றுக் குமிழ் மேலே ஏறி நிற்பது. அது பம்ப்பில் போய் நின்றால் பம்ப் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

தம்பியின் கூலர் எத்தனை ஆண்டு பழையது என்று கேளுங்கள். மூடிய கூலரிலும் தண்ணீர் ரப்பர் குழாய் வழியே ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். ஓடவிட்டு இரண்டு குழாய்களையும் விரல்களால் தொட்டுப் பாருங்கள். ஒன்று கொதித்து மற்றொன்று குளிர்ந்து கிடந்தால் தண்ணீர் ஓடவில்லை என்று பொருள். கடகடவென்ற ஓசை இருந்தால் உள்ளே தண்ணீர் குறைந்திருக்கிறது. இரண்டில் எது தெரிந்தாலும் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

கடைசியாக மென்பொருள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்கள் பிராசஸர் விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை. டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். பாகங்கள் பழையவையாக இருக்கலாம், சர்வர் மென்பொருள் பழையதாக இருக்கக் கூடாது. 2021 டிசம்பரில் வெளிப்பட்ட லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டையில், விளையாட்டின் அரட்டைப் பெட்டியில் ஒரு வரியைத் தட்டச்சு செய்தே மைன்கிராஃப்ட் சர்வரைக் கைப்பற்ற முடிந்தது. 1.18.1 பதிப்பில் அது அடைக்கப்பட்டது.

கேள்வி: என் மூடிய வாட்டர் கூலரின் பம்ப் நின்றுவிட்டது. பிராசஸர் மேல் உட்காரும் அதன் பிளாக் செம்பால் ஆனது. புதுப்பேட்டையில் பழைய கார் ஹீட்டர் கோரும் (கார் ஹீட்டரிலிருக்கும் சிறு ரேடியேட்டர்), கொளத்தூரில் மீன்தொட்டி பம்ப்பும் வாங்கி, தண்ணீர் சுற்றிவரும் லூப்பை நானே அமைக்கலாமா? கடற்கரை அருகில் இருப்பதால் ஈரக் காற்றில் குழாய் வியர்க்குமோ என்றும் பயமாக இருக்கிறது.
— வாசகர், திருவான்மியூர்

பதில்: வியர்வைக்குப் பயப்பட வேண்டாம். ஐஸ் தண்ணீர் ஊற்றிய தம்ளர் வியர்ப்பது, அது அறையைவிடக் குளிர்ந்திருப்பதால். உங்கள் குழாய் எப்போதும் அறையைவிடச் சற்றுச் சூடாகவே இருக்கும். கடற்காற்றின் உப்பும் தூசியும் சேர்ந்து ரேடியேட்டர் இடுக்குகளில் படிவதுதான் உண்மையான தொல்லை; மாதம் ஒருமுறை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

ஹீட்டர் கோர் நல்ல தேர்வு, அது செம்பாகவோ பித்தளையாகவோ இருந்தால் மட்டும். இதை அனுபவத்தில் படித்தவன் நான். முதல் லூப்பில் செம்பு பிளாக்கும் அலுமினிய ரேடியேட்டரும் போட்டேன். சில மாதங்களில் சூடு ஏறத் தொடங்கியது. பிளாக்கைத் திறந்தால், பேன்சீப்பின் பற்களைவிட நெருக்கமான அந்தச் செம்புக் கீற்றுகளுக்கு இடையில் சுண்ணாம்புபோல வெள்ளைக் குழம்பு அடைத்துக் கிடந்தது. இரண்டு உலோகங்கள் ஒரே தண்ணீரில் நனைந்தால் அது ஒரு பேட்டரியாகிவிடுகிறது, அரிக்கப்படுவது அலுமினியம். எனவே கடையிலேயே பேனாக் கத்தியால் ஹீட்டர் கோரின் குழாயை லேசாகக் கீறிப் பாருங்கள். சிவப்போ மஞ்சளோ தெரிந்தால் வாங்கலாம். உள்ளேயும் வெள்ளையாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ஈயம் வைத்த இணைப்பில் கீறினால், ஈயத்தின் வெள்ளையைப் பார்த்து ஏமாந்துபோவீர்கள்.

மீன்தொட்டி பம்ப் கூடாது. அது 230 வோல்ட்டில் தண்ணீருக்குள்ளேயே கிடப்பது. உறையில் விரிசல் விட்டால் மின்சாரம் தண்ணீர் வழியே உலோகத்துக்கு வந்துவிடும். எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்தே ஓடும் 12 வோல்ட் டி.சி. பம்ப் வாங்குங்கள், ரிச்சி தெருவில் விசாரித்துப் பாருங்கள். பாகங்களின் வரிசையைப் பற்றிக் குழம்ப வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால், 65 வாட் பிராசஸரைக் கடக்கும்போது தண்ணீர் ஒரு டிகிரிகூட ஏறாது. தண்ணீர்த் தொட்டி பம்ப்புக்கு மேலே இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் விதி.

மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவும் வேண்டாம். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை பேட்டரி கடையில் வாங்குங்கள். அதே கடையில் ஆசிடும் விற்பார்கள், ஆகவே லேபிளைப் படித்து வாங்குங்கள். பாசி பிடிக்காமலிருக்கக் கணினிக்கென்றே விற்கும் கூலன்ட்டைக் கலக்கலாம். கார் கூலன்ட்டில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.

நிரப்பியதும் கணினியை ஓட்டிவிடாதீர்கள். மதர்போர்டிலிருந்து எல்லா ஒயரையும் கழற்றிவிட்டு, எஸ்.எம்.பி.எஸ்ஸின் 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் சிறு கம்பியால் இணைத்தால் பம்ப் மட்டும் ஓடும். ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே டிஷ்யூ பேப்பர் விரித்து 24 மணி நேரம் ஓடவிடுங்கள். ஒரு தாளில் ஈரம் தெரிந்தாலும் அந்த இணைப்பைச் சரிசெய்து, மறுபடியும் முதலிலிருந்து 24 மணி நேரம்.

கேள்வி: மைன்கிராஃப்ட் சர்வர் பயன்படுத்தும் 25565 போர்ட்டை ரவுட்டரில் திறந்தும் வெளியிலிருந்து நண்பர்களால் சர்வருக்குள் வர முடியவில்லை.
— வாசகர், ஆவடி

பதில்: ரவுட்டரின் பக்கத்தில் உங்களுக்குக் கிடைத்திருக்கும் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், உங்கள் இணைப்பு நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுக்கிறது என்று பொருள். நீங்கள் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. நிறுவனத்திடம் பணம் கட்டி நிலையான ஐ.பி. கேட்கலாம். பத்துப் பேர் ஆடுவதற்கு டெயில்ஸ்கேல் அல்லது ஜீரோடயர் போன்ற தனி வலையமைப்பு போதும். வெளியாருக்குக் கதவே தெரியாது என்பதால் பிள்ளைகளுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: மகன் கேட்கிறானே என்று இப்படியொரு சர்வரை வீட்டில் வைக்கச் சம்மதித்தேன். இரவும் பகலும் ஓடினால் கரன்ட் பில் என்ன ஆகும்? பரண் மேல் வைக்கலாமா?
— வாசகி, பெரம்பூர்

பதில்: கிராபிக்ஸ் கார்டு இல்லாத இத்தகைய பெட்டிக்குச் சராசரியாக 50 வாட் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 1.2 யூனிட், இரண்டு மாத பில்லில் 72 யூனிட். அது உங்களை அடுத்த ஸ்லாபுக்குத் தள்ளிவிடக்கூடும். மாலை 4 மணிக்குத் தானே எழுந்து இரவு 10 மணிக்குத் தானே அணையும்படி மகனை அமைக்கச் சொல்லுங்கள். தானே எழுவதற்கு, கணினி தொடங்கும்போதே இயங்கும் பயாஸ் மென்பொருளில் வசதி உண்டு; தானே அணைவதை லினக்ஸில் அமைக்கலாம். அப்போது 18 யூனிட்தான். பரண் வேண்டாம், அம்மா. மொட்டை மாடிக்குக் கீழேயுள்ள பரணில், பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் இரவிலும் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். ஹாலில் ரவுட்டர் பக்கத்திலேயே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதை யு.பி.எஸ். நிலைக்கு மாற்றி, அந்த லைனிலிருந்து பிளக் கொடுங்கள். கரன்ட் போகும்போது சர்வர் பட்டென்று அணைந்தால், பிள்ளைகள் மாதக்கணக்கில் கட்டிய உலகம் கெட்டுப்போகக்கூடும். வாரம் ஒருமுறை அதை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வைக்கவும் சொல்லுங்கள்.