விரிடியும் காளான் கொட்டகையும்

கேள்வி: மஞ்சளில் கிழங்கு அழுகலுக்காகத் தொழுவுரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற, நோயை அடக்கும் பூஞ்சையைக் கலந்து போட்டோம். கொஞ்ச நாளில் வீட்டம்மாவின் சிப்பிக்காளான் படுக்கைகள் பச்சையாகிவிட்டன. “உங்க விரிடிதான் வந்து தின்னுது” என்கிறார். அதுதானா? எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் வீட்டம்மாவுக்கு வந்த சந்தேகம் உலகம் சுற்றிய சந்தேகம். 1980களில் அயர்லாந்திலும், 90களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலும் மொட்டுக்காளான் பண்ணைகளைப் பச்சைப் பூசணம் பாழாக்கியது. நுண்ணோக்கியில் பார்த்தால் அச்சு அசலாக விரிடியின் பங்காளியான டிரைக்கோடெர்மா ஹார்சியானம். அதைத்தான் வயலில் நோயை அடக்கவும் விற்றுக்கொண்டிருந்தார்கள். பழி எங்கே விழும், சொல்லுங்கள்! மரபணுவை ஒப்பிட்ட பிறகுதான் கடையில் விற்றது வேறு, பண்ணையை அழித்தது வேறு என்று தெரிந்தது. 2002இல் அழித்ததற்கு அக்ரெசிவம் என்று தனிப் பெயர் வைத்தார்கள். சிப்பிக்காளானைத் தாக்கும் ப்ளூரோட்டி, ப்ளூரோட்டிகோலா ஆகியவையும் இப்போது தனி இனங்கள்.

ஆக, நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, பெனிசிலியம் என்ற வேறு பூசணம்கூடப் பச்சைதான். தேங்காய் வாசனை வந்தால் விரிடி என்பார்கள் சிலர். அட்ரோவிரிடி போன்ற பங்காளிகளுக்கும் அதே வாசனை உண்டு. நுண்ணோக்கியில் விரிடியின் வித்து (பூசணம் பரவ உதவும் நுண்துகள்) சொரசொரப்பாகவும் ஹார்சியானத்தின் வித்து வழவழப்பாகவும் தெரியும். சரி, ஆனால் அஸ்பெரெல்லம் என்ற இன்னொரு பங்காளியும் சொரசொரப்புதானே? 1999 வரை அதற்குத் தனிப் பெயரே கிடையாது. நம் நாட்டில் விரிடி என்று சீட்டு ஒட்டிய பலவும் சோதித்தபோது அஸ்பெரெல்லமாக இருந்திருக்கின்றன. இனத்தை உறுதிசெய்ய ‘டெஃப் 1’ என்ற மரபணுவைப் படிக்க வேண்டும். உங்கள் பாக்கெட்டில் இருந்த அதே ஸ்ட்ரெய்ன்தானா (ஓர் இனத்துக்குள் உள்ள தனி வகை) என்று கேட்டால் பல நேரம் அதுவும் போதாது. அந்த ஸ்ட்ரெய்னுக்கென்றே உருவாக்கிய டிஎன்ஏ அடையாளம் வேண்டும். ஆய்வுக்கூடம் கேட்கும் முதல் விவரமே ஸ்ட்ரெய்ன் எண்தான். அதனால் பாக்கெட் உறையைத் தூக்கிப் போடாதீர்கள்.

என்னைக் கேட்டால் முதலில் காளான் படுக்கைக்குப் போட்ட வைக்கோலைச் சந்தேகப்படுவேன். அரைகுறையாக வெந்த வைக்கோலில் எந்த டிரைக்கோடெர்மாவும் குடியேறும். அதற்காக உங்கள் விரிடிக்கு நற்சான்று கொடுத்ததாக நினைக்க வேண்டாம். எருவில் கலக்கும் வேலையைக் கொட்டகைக்குத் தள்ளி வையுங்கள். கலந்த கையோடு, அதே சட்டையோடு உள்ளே போகாதீர்கள். பச்சையான படுக்கையை உள்ளேயே பிரித்தால் வித்து பறக்கும். அப்படியே பையில் கட்டி வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள். “பச்சைதானே, விரிடிதானே” என்று மஞ்சள் வயலுக்குப் போகும் எருவில் மட்டும் கொட்டிவிடாதீர்கள்.