எது சரி என்று யார் சொல்வது?

அன்புள்ள ஐயா,

ஆறு வருடமாக மென்பொருள் துறையில் இருக்கிறேன். மென்பொருளின் வடிவமைப்பைக் கணித முறையில் எழுதிச் சோதிக்கும் டிஎல்ஏ பிளஸ் (TLA+) மொழியை நானாகவே கற்றுக்கொண்டேன். நிரல் சரிதான் என்று கணித முறையில் நிரூபிக்கக் கருவிகள் இருந்தும் என் டீமில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கணக்கென்றால் பயமா, சோம்பலா? அடுத்து நான் எந்த நிரூபண மொழியைக் கற்கலாம்: டாஃப்னியா (Dafny), லீனா (Lean)?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வேலை முடிந்த பிறகு ராத்திரியில் தனியாக உட்கார்ந்து கற்றிருப்பீர்கள். அந்தத் தனிமை எனக்குத் தெரியும். ஆனால் ‘சோம்பலா’ என்று கேட்டீர்களே, அது தப்பு. பக்கத்தில் இருப்பவரை மட்டமாக நினைத்துக்கொண்டு அவருக்கு எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது. அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

செலவுதான் தடை என்பார்கள். எஸ்இஎல்4 (seL4) என்ற இயங்குதளக் கருவை (கெர்னலை) 2009இல் நிரூபித்தபோது, சுமார் 8,700 வரி சி மொழி நிரலுக்கு ஏறக்குறைய 2,00,000 வரி நிரூபணம் தேவைப்பட்டது. அது பெரிய செலவுதான். நீங்கள் கற்ற டிஎல்ஏ பிளஸ்ஸில் அவ்வளவு இல்லையே. வடிவமைப்பை எழுதிக் கொடுத்தால் போதும், பிழை இருக்கிறதா என்று மெஷின் தேடும். அமேசானின் டைனமோடிபி தரவுத்தளத்தில் 35 படி வரிசையாக நடந்தால் தலைகாட்டும் பிழை ஒன்று அப்படித்தான் சிக்கியது. பிறகும் ஏன் பரவவில்லை?

நிரல் என்ன செய்ய வேண்டும் என்பது நமக்கே தெரியாது. தெரியும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஆர்டர் ரத்து செய்யும் பகுதி என் பொறுப்பு. அது எப்படி நடக்கும் என்று கணித முறையில் விவரிக்கும் ஒரு மாடல் எழுதினேன். ஓடவிட்டதும் ஒரு சிக்கலைக் காட்டியது: வாடிக்கையாளர் ரத்து செய்கிறார், அதே நேரத்தில் கிடங்கில் பொருள் அனுப்பப்பட்டதாகப் பதிவாகிறது. பணமும் திரும்பிப் போகிறது, பொருளும் போகிறது. துள்ளிக் குதித்துக்கொண்டு, எது சரி என்று கேட்கப் போனேன். ரத்துதான் செல்லும் என்றார் மேலாளர். அனுப்பியது அனுப்பியதுதான் என்றார் கிடங்கு மென்பொருளை எழுதியவர். பொருள் திரும்பி வரும்வரை பணத்தைத் தொடக்கூடாது என்றார் கணக்குப் பிரிவுக்காரர். மூவரும் வருடக்கணக்கில் ஒரே மென்பொருளில் வேலை செய்தவர்கள்! கருவி தன் வேலையை முடித்துவிட்டது. நாங்கள்தான் கடைசிவரை முடிவெடுக்கவில்லை. மாடலை மூடி வைத்துவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

டெஸ்ட் எழுதும்போது இந்தக் கேள்வியிலிருந்து நழுவிவிடலாம். பத்து உதாரணம் எழுதி, பத்தும் தேறினால் வீட்டுக்குப் போகலாம். நிரூபணம் அப்படி விடாது. எண்களை வரிசைப்படுத்தும் நிரலை எடுங்கள். ‘வெளிவருவது ஏறுவரிசையில் இருக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதினால், எதைக் கொடுத்தாலும் காலிப் பட்டியலைத் தருகிற நிரலும் தேறிவிடும். உள்ளே போன எண்கள் ஒன்று கூடாமல் குறையாமல் வெளியே வர வேண்டும் என்ற பாதியை மறந்திருப்போம். பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிற விஷயத்திலேயே இப்படி. ரத்துக்கும் ரீஃபண்டுக்கும் யார் எழுதுவது?

டாஃப்னியில் தொடங்குங்கள், நிரல் எழுதிப் பழகிய கைக்கு அது எளிது. அதற்கு முன், ‘இதுதான் எல்லோருக்கும் தெரியுமே’ என்று உங்கள் டீம் சொல்லும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒருபோதும் நடக்கக்கூடாதவை எவை என்று நாலு வரி, சாதாரணப் பேச்சுமொழியிலேயே எழுதுங்கள். சோம்பேறி என்று நீங்கள் நினைத்தவரிடம் அதைக் காட்டுங்கள். எந்த வரியில் அவர் ‘அப்படி இல்லையே’ என்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.