பில்ட் ஆகவில்லை, பதிலும் வரவில்லை: என்ன செய்வது?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பி.சி.ஏ. முடித்தேன். ஓப்பன் சோர்ஸில் (யாரும் கோடைப் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளில்) பங்களிக்க ஆசை. ஒரு ப்ராஜெக்டை பில்ட் செய்ய (கோடை இயங்கும் மென்பொருளாக மாற்ற) மூன்று நாள் போராடியும் முடியவில்லை. இன்னொன்றில் எழுத்துப்பிழை திருத்தி அனுப்பினேன், மூன்று வாரமாகப் பதிலே இல்லை. ஆங்கிலமும் தடுமாற்றம். நான் இதற்கு லாயக்கில்லையோ?"

லாயக்குதான். புதிதாக வருகிறவர்கள் பலர் ஒரு வரி கோடு எழுதும் முன்பே நின்றுவிடுகிற இடம் அந்த பில்ட்தான். வழிகாட்டி எழுதியவருடைய கணினியில் தேவையான லைப்ரரிகள் எல்லாம் எப்போதோ ஏறியிருக்கும், அதனால் ஒரு படி விட்டுப்போனது அவருக்குத் தெரியவே தெரியாது, முதல்முறை நிறுவுகிற உங்களுக்குத்தான் தெரியும். எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, எந்தக் கட்டளைக்கு என்ன பிழைச்செய்தி வந்தது என்று அப்படியே நகலெடுத்து, ப்ராஜெக்டின் பக்கத்தில் இஷ்யூவாக, அதாவது பிழைப் புகாராகப் போடுங்கள். அதற்கு நாலு வரி ஆங்கிலம் போதும், அதுவே உருப்படியான பங்களிப்பு. நெட் மெதுவென்றால், கிட்டில் க்ளோன் செய்யும்போது (கோடை உங்கள் கணினிக்கு நகலெடுக்கும்போது) --depth 1 என்று கொடுங்கள், பழைய வரலாறு முழுக்க இறங்காது.

பதில் வராததற்கு ஒரு பின்னணி உண்டு. ஓப்பன் சோர்ஸுக்குப் பங்களிப்பவர்களுக்குப் பரிசு தரும் அக்டோபர் மாத நிகழ்வான ஹாக்டோபர்ஃபெஸ்டில், 2020-ல் டி-ஷர்ட்டுக்காக ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றி அனுப்பியவை அவ்வளவு குவிந்து, விருப்பம் தெரிவித்த ப்ராஜெக்ட்கள் மட்டுமே சேரும் என்று நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. சின்னத் திருத்தம் என்றாலே மெயின்டெயினர்கள் (ப்ராஜெக்டைப் பராமரிப்பவர்கள்) சந்தேகப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். நல்ல மனதோடு அனுப்புகிறவர்களும் சேர்ந்து அடிபடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஒரு தடவை மரியாதையாக நினைவூட்டுங்கள், அப்புறம் விட்டுவிடுங்கள். அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும்போது, போன மாதம் வெளியாட்கள் அனுப்பிய புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) ஏதாவது மெர்ஜ் ஆகி ப்ராஜெக்டில் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புதியவர்களுக்கு ஏற்ற வேலை என்று குறிக்கும் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்ற லேபிளை மட்டும் நம்ப வேண்டாம், வருஷக்கணக்கில் யாரும் தொடாமல் கிடப்பதும் உண்டு.

சரி, மொழிக்கு வருகிறேன். உங்கள் பக்கத்தில் தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் புழங்குகிறது. 'கொ' அடித்து பேக்ஸ்பேஸ் தட்டினால் எது மறைகிறது, கொம்பு எங்காவது தனியாகத் தொங்குகிறதா, மலையாளக் கூட்டெழுத்து உடைகிறதா, இதெல்லாம் ஆங்கிலம் மட்டும் தெரிந்த டெவலப்பர் கண்ணில் படவே படாது. கேரளப் பள்ளியில் படித்தவர் என்றால் சிறுவர்களுக்கான ஜிகாம்ப்ரிஸ், ஆவணங்கள் தயாரிக்கும் லிப்ரே ஆபிஸ் போன்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்கள் எல்லாம் கைக்குப் பழகியிருக்கும். அவற்றில் இந்தப் பிழைகளைத் தேடுவதிலிருந்தே தொடங்குங்கள். ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற தன்னார்வலர் குழு 2002 முதல் இப்படியான வேலைகளைத்தான் செய்கிறது, அங்கே ஆங்கிலத்தில் திணறாமல் மலையாளத்திலேயே கேட்கலாம்.

அந்த மூன்று நாள் பிழைச்செய்தி இன்னும் டெர்மினலில் இருந்தால், ஜன்னலை மூடும் முன் நகலெடுத்து வையுங்கள்.